சில்வண்டின் முறை

மாலை வெயில் சாயும் நேரம். மாமரக் கிளையில் குயிலின் கச்சேரி. பக்கத்தில் வயலினோடு ஒரு சில்வண்டு. அதற்கு இதுதான் முதல் மேடை. இன்று தேறிவிட்டால், இனி குயிலின் எல்லாக் கச்சேரிக்கும் அதுவே பக்கவாத்தியம்.

ஆறு வருஷம் சாதகம் செய்திருந்தது. பாடுகிறவர் பாடியதை இழை பிசகாமல் அப்படியே வாசித்துவிடும்.

குயில் காம்போதி ராகத்தை எடுத்தது. கிளையே தேன் நிறத்தில் மிதப்பது போலிருந்தது. நடுவில் குயிலுக்கு லேசாக இருமல் வந்தது. வயலினும் இருமியது. அச்சு அசல் அதே இருமல்.

"அடேயப்பா!" என்றது கீழ்க்கிளையில் கேட்டுக்கொண்டிருந்த அணில்.

ஆலாபனையை முடித்த குயில், "இனி நீங்க உங்க கற்பனைக்கு வாசிங்க," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டது.

காற்று நின்றது. இலைகள் காத்திருந்தன. தந்தியில் வில்லை வைத்தபடியே இருந்த சில்வண்டு, கடைசியில் குனிந்து மெதுவாகக் கேட்டது:

"அதை நீங்க இன்னும் பாடலையே?"

மரத்தடிப் புல்லுக்குள், யாரிடமும் பாடம் கேட்காத இன்னொரு சில்வண்டு தன்பாட்டுக்கு ரீங்கரித்துக்கொண்டிருந்தது. கண்ணைத் திறக்காமலே குயில் அந்தப் பக்கம் தலையைத் திருப்பியது.