பழுப்புச் சட்டை வீரன்

“சட்டைக்கு முழு விலை வாங்கிட்டு, பட்டனுக்குத் தனியாக் காசு கேட்டா குடுப்பியா?” என்று அண்ணன் ஒருமுறை தங்கையிடம் கேட்டான்.

அவள் துணிக்கடைப் பொம்மைகளுக்கு உடை மாட்டுபவள். அதிகம் பேசமாட்டாள். “பட்டன் அழகா இருந்தா குடுப்பேன்” என்றாள் மெல்ல.

அதோடு பிடித்துக்கொண்டான். ஆன்லைனில் பலரோடு சேர்ந்து ஆடும் அந்தக் கோட்டை விளையாட்டை இருவரும் முழு விலை கொடுத்துத்தான் வாங்கியிருந்தார்கள். அதற்குள்ளேயே கடை விரித்து, கிரீடம் முதல் செருப்புவரை விற்பது பகல் கொள்ளை இல்லையா? அதைப் போட்டால் வாள் கூர்மையாகுமா, உயிர் கூடுமா? வெறும் அலங்காரம். ஆரம்பத்தில் சும்மா கொடுத்த பழுப்புச் சட்டையோடுதான் கடைசிவரை நிற்பேன் என்றான்.

நின்றான். பழுப்புச் சட்டையைக் கண்டாலே கத்துக்குட்டி என்று எல்லா அணிகளும் ஒதுக்கின. நாள் முழுக்க லிஃப்ட் பழுதுபார்த்துவிட்டு வருபவனுக்கு இதை விட்டால் வேறு சந்தோஷம் கிடையாது. இந்த ஞாயிற்றுக்கிழமையும் யாரும் சேர்க்காவிட்டால் விளையாட்டையே தலைமுழுகிவிடுவதாகச் சொல்லியிருந்தான்.

ஞாயிறு மாலை தங்கை மடிக்கணினியோடு தன் அறைக்குள் போய்விட்டாள். அவன் கூடத்தில் டிவி முன் உட்கார்ந்தான். திரையில் வழக்கம்போல் வாள் பிடித்த அவனுடைய இரண்டு கைகள். கோட்டை வாசலை நோக்கி நடந்தான்.

சந்தைபோல் இரைந்துகொண்டிருந்த கூட்டம் கப்சிப்பென்று அடங்கியது. ஒருவன் விலகி வழிவிட்டான். இன்னொருவன் மண்டியிட்டான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாசல் முழுவதும் மண்டியிட்டது.

போன வாரம் “ஓரமாப் போப்பா” என்று விரட்டிய அணித்தலைவனின் குரல் ஹெட்போனில் தழுதழுத்தது. “இப்படி ஒருத்தரை நான் பார்த்ததே இல்லண்ணே. எங்களோட வருவீங்களா?”

அண்ணனுக்கு மெய்சிலிர்த்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு, தங்கையின் அறைக்கு ஓடினான்.

“பாத்தியா? அதே பழுப்புச் சட்டைதான். திறமை இருந்தா சாமி மாதிரி கும்பிடுறாங்க.”

அவள் மடிக்கணினியை மூடப் பார்த்தாள். அதற்குள் குனிந்துவிட்டான். மண்டியிட்ட கூட்டத்தில் அவளும் ஒருத்தியாக இருந்தாள். அவள் திரையின் நடுவே அவன் நின்றுகொண்டிருந்தான்.

அவன் டிவியில் இரண்டு கைகளுக்குமேல் எதையும் காட்டாத விளையாட்டு, இங்கே அவனை முழுசாகக் காட்டியது. தோளிலிருந்து தரைவரை, விடியற்கால வானத்தையே வெட்டித் தைத்ததுபோல் ஒரு மேலங்கி. அதன் மடிப்புகளிலிருந்து பொன்னிறப் பறவைகள் எழுந்து எழுந்து மறைந்தன.

“நீ வேலைக்குப் போயிருந்தப்ப உன் கணக்குல நுழைஞ்சு வாங்கி மாட்டிவிட்டேண்ணே” என்றாள் தங்கை, தலை நிமிராமல். “பொம்மைகிட்டக் கேட்டுக்கிட்டு மாட்டிப் பழக்கமில்ல.”

திரையையே பார்த்தவன், முதுகில் தொங்கும் மேலங்கி கதவில் உரசிவிடாதபடி பக்கவாட்டில் ஒதுங்கி, வெளியே போனான்.