சாரத்தில் ஒரு தூளி

வெள்ளி விழா மலருக்காகப் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டுமானப் படங்களை ஸ்கேன் செய்துகொண்டிருந்த அஞ்சுகம், ஒன்றில் தன் அம்மாவைக் கண்டாள். தலையில் கலவைச் சட்டியோடு நின்றிருந்தாள். பக்கத்துச் சாரத்தில் ஒரு சேலைத் தூளி கனத்துத் தொங்கியது.

"அந்தக் கந்தல அழிச்சிரும்மா. கட்டடமே அசிங்கமாத் தெரியுது" என்றார் மலர்ப் பொறுப்பாளர் சவரிநாதன்.

"முடியாது சார். உள்ள எங்கக்கா இருக்கா."

"வெறும் துணிதானம்மா தெரியுது?"

"உங்க புள்ள தொங்கியிருந்தா தெரிஞ்சிருக்கும் சார்."

அவர் எரிச்சலோடு அடுத்த படத்தை நீட்டினார். அதே சாரம்தான், தூளி ஒரு பக்கம் அறுந்து கிடந்தது. அஞ்சுகம் பிறக்குமுன்பே அக்கா காய்ச்சலில் போய்விட்டாள் என்றுதான் அம்மா சொல்லியிருந்தாள். அஞ்சுகம் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். சித்தாள்கள் எல்லாரும் குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் சட்டியோடு ஏணியில் ஏறிக்கொண்டிருந்தாள், இன்னும் திரும்பாமல்.