கல்சிறையின் கைதி

அமெரிக்காவின் அந்தச் சிறுநகரத்துக்குப் பெருமை பேச ஒரு பழைய கல்சிறை இருந்தது. எப்போதோ ஆறு ஊருக்குள் புகுந்தபோது காவலர் சாவியோடு ஓடிவிட, கைதி ஒருவன் உள்ளேயே மூழ்கிப் போனானாம். சிறை இப்போது அருங்காட்சியகம். சனிக்கிழமைதோறும் அந்தக் கைதியாக நடிப்பவர் இசக்கிமுத்து. கம்பியைப் பற்றிக்கொண்டு, கதவைத் திறக்கச் சொல்லி ஆங்கிலத்தில் கதறுவார். கூட்டம் மாடியையும் சுற்றிப் பார்த்து முடித்த பிறகே வழிகாட்டி வில்பர் வந்து பூட்டைத் திறப்பார்.

இன்று கதறலின் நடுவே இசக்கிமுத்துவின் நெஞ்சை ஏதோ இறுக்கிப் பிடித்தது. இடக்கை மரத்தது.

"வில்பர், இது நடிப்பில்லப்பா, திற!" என்று ஆங்கிலத்திலேயே கத்தினார்.

கைதட்டல் சுவரை அதிரவைத்தது. "மனுஷன் இன்னைக்குப் பிச்சு உதறுறாரு!" என்று வில்பரே சிரித்துவிட்டு, கூட்டத்தை மாடிப்படிக்குத் திருப்பினார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு தம்பதி தமிழில் பேசிக்கொண்டது இசக்கிமுத்துவின் காதில் விழுந்திருந்தது. "ஏ தாயி, நெஞ்சு வலிக்கி... கதவத் தொறக்கச் சொல்லும்மா!" என்றார்.

கணவன் பூரித்துப்போனான். "பாத்தியா பூங்கோதை, நமக்காகத் தமிழ்லயே நடிக்கிறாரு!"

பூங்கோதை சிரிக்கவில்லை. கம்பியருகே வந்து அவருடைய வியர்த்த விரல்களைத் தொட்டாள். "அண்ணாச்சி, நெசமாவே வலிக்குதா?"

படியில் கால் வைத்தவர்கள் திரும்பி வந்தார்கள். கைதியிடம் எவரும் இதுவரை கேள்வி கேட்டதில்லை. அவர் வாய் திறந்தது, மூச்சு வரவில்லை. பதிலைத் தவறவிடக் கூடாதென்று எல்லோரும் கைப்பேசிகளை உயர்த்திப் பிடித்து, சத்தமின்றிக் காத்திருந்தார்கள்.