இடுப்பளவு

தையல்காரியின் மேசையில் ஆஸ்பத்திரிப் படிவம் கிடக்கிறது. தன் இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சைக்குச் சம்மதமா என்று மாலைக்குள் சொல்ல வேண்டும். மூன்று நாளாகப் பேனாவைத் திறக்கிறாள், மூடுகிறாள். கையெழுத்துக்கான வெற்றுக் கோட்டின் மேல் ஜன்னல் வெயில் விழுந்திருக்கிறது. அளவு கொடுக்க வந்த நாத்தனார் கைகளைத் தூக்கி நிற்கிறாள். "கத்திக்குப் பயமா அண்ணி? வாயைக் கட்டினா வயிறு தானா இறங்கும். அண்ணனும் அதைத்தான் சொல்றாரு." காத்திருக்கும் இரண்டு பெண்கள் சிரிப்பை அடக்குகிறார்கள். தையல்காரி அளவு நாடாவை நாத்தனாரின் இடுப்பில் சுற்றுகிறாள். முப்பத்திரண்டு. "முப்பத்தெட்டு" என்று கடை முழுக்கக் கேட்கச் சொல்கிறாள். நாத்தனாரின் கைகள் இறங்குகின்றன. "சரியாப் பாருங்க அண்ணி." "பாத்துட்டேன்." நோட்டில் முப்பத்திரண்டு என்றே எழுதி, மூடுகிறாள். அந்தப் பெண்கள் இப்போது நாத்தனாரின் வயிற்றைப் பார்க்கிறார்கள். அவள் மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே பிடிக்கிறாள். வயிற்றைத் தளர்த்தாமலே கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, "அண்ணி, அந்த ஆபரேஷன் ரொம்ப வலிக்குமா? பண்ணிட்டா நிஜமாவே இளைச்சிருமா?" என்கிறாள். தையல்காரி மூன்று நாளாகத் தனக்குள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. "எனக்கும் தெரியலடி" என்கிறாள். "மூச்சை விடு. எவ்வளவு நேரம் அப்படியே நிப்ப?"