சேற்றில் இறங்கிய பட்டு

"துணியை வெளுத்துக் கொடுத்துடலாம்மா. இப்படியெல்லாம் யோசனை வருது பாருங்க, அதை எந்த சோப்புப் போட்டு வெளுக்கறது?"

மேசைமேல் விரித்துப் போட்ட பட்டுப் புடவையைப் பார்க்கப் பார்க்க லாண்டரிக்காரருக்கு வயிறெரிந்தது. மாம்பழ நிறப் பட்டு. கொசுவம் முழுக்கக் காய்ந்த சேறு. சரிகைக்குள் மணல். போதாக்குறைக்கு முந்தானையில் சிவப்பும் நீலமுமாகப் பெயின்ட் வேறு. கொண்டுவந்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. காலிப் பையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

மூன்று மாதத்தில் இது அவரிடம் வந்த நான்காவது புடவை. கல்யாணம் முடிந்த கையோடு, கல்யாண உடுப்போடு சேற்றில் புரண்டு போட்டோ எடுத்துக்கொள்வதுதான் இப்போது மோஸ்தராம். ஒரு ஜோடி மெக்கானிக் கடையில் போய் கிரீஸ் பூசிக்கொண்டது. இன்னொரு ஜோடி தலைப்பில் தீயை வைத்துப் படம் பிடித்துவிட்டு, கருகின இடத்தைக் கொஞ்சம் சரிபண்ணிக் கொடுங்கள் என்று கூசாமல் வந்து நின்றது. முப்பது வருஷமாகக் கறையோடு மல்லுக்கட்டுகிறவருக்கு, கறையைத் தேடிப் போய்ப் பூசிக்கொள்கிறவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வராதா?

"அந்த ஏரி போட்டோதானே இது? நேத்து என் மச்சான்கூட போன்ல அனுப்பியிருந்தான். ரெண்டு பேரும் மூஞ்சியெல்லாம் சேத்தையும் பெயின்ட்டையும் அப்பிக்கிட்டு, யார் எவர்னே தெரியல. அதுக்கு ஒரு சிரிப்பு வேற."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். செய்வதையெல்லாம் செய்துவிட்டு இப்போது வெட்கம் வேறு என்று அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது. பட்டுக்குத் தண்ணீர் பட்டாலே ஆகாது, இதைக் கட்டிக்கொண்டு ஏரிக்குள் இறங்க எப்படி மனசு வந்தது என்று கேட்டார். சரி, இதை எடுக்க எத்தனை கடை ஏறி இறங்கினீர்கள் என்றார். அதற்கு மட்டும் வாய் திறந்தாள். பதினொரு கடையாம். அவள் கேட்ட நிறம் கிடைக்கிறவரைக்கும் வீட்டுக்காரரும் முகம் சுளிக்காமல் கூடவே அலைந்தாராம்.

"அப்படி அலைஞ்ச மனுஷன், இந்தக் கூத்தைத் தடுத்து ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?"

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க."

புருஷனை விட்டுக்கொடுக்காததில் ஒன்றும் குறைச்சல் இல்லை என்று முணுமுணுத்தபடி, மழுங்கல் கத்தியை எடுத்து ஓர் ஓரத்துச் சேற்றை மெல்லச் சுரண்டிப் பார்த்தார். சேறு போய்விடும். பெட்ரோல் வாஷ் கொடுத்தால் பெயின்ட்டும் முக்கால்வாசி போகும். ஆனால் கறுத்த சரிகை கறுத்ததுதான் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அவள் கண் கலங்கியது. எப்படியாவது பழையபடி ஆக்கிக் கொடுங்கள் என்று கெஞ்சினாள். பிறகு தயங்கித் தயங்கி, முந்தானை ஓரத்தில் காசளவு இருந்த பழுப்புக் கறை ஒன்றைத் தொட்டுக் காட்டினாள்.

"இதை மட்டும் எடுத்துடாதீங்க. கல்யாணத்தன்னிக்கு அவர் கை தவறிக் கொட்டின காப்பி."

லாண்டரிக்காரர் கத்தியை மேசைமேல் போட்டார். கறையில்கூடவா வேண்டியது வேண்டாதது? உள்ளே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி, போதும் விடுங்கள் என்று கண்ணால் ஜாடை காட்டினாள். அவர் விடுவதாக இல்லை. ரசீதுப் புத்தகத்தைப் படாரென்று பிரித்தார்.

"உங்க வீட்டுக்காரர் நம்பரைச் சொல்லுங்க. புடவையை வாங்க அவரே வரட்டும். நாலு வார்த்தை நறுக்குன்னு அவரைக் கேட்டாத்தான் என் மனசு ஆறும்."

அவள் முதல்முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அவர் போய் ரெண்டு வருஷமாச்சுங்க. போட்டோல இருக்கறது என் கொழுந்தனாரும் அவர் புதுப் பொண்டாட்டியும். அந்தப் பொண்ணோட பட்டு வீணாயிடக் கூடாதுன்னு, எங்க மாமியார் என் பீரோவைத் திறந்து இதை எடுத்துக் கொடுத்துட்டாங்க. இனிமே உனக்கு இது எதுக்குன்னு கேட்டாங்க."