வீதிக்கே உப்பில்லை

கிட்ட வந்து உட்காருங்கள் சாமி. அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். அது ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன். எழுபத்தொன்பதில் மல்லசமுத்திரத்தில் நடந்த கூத்து இது.

"இந்த வீதியில ஒருத்தி ஊட்டுலயும் உப்பே இல்லையா?"

லாரி டிரைவர் வேலுமணி வாசற்படியை மறித்துக்கொண்டு கேட்டான். எதிரே கையில் கிண்ணத்தோடு பக்கத்து வீட்டுக் குப்பாயி. வெள்ளிக்கிழமைத் தலை முழுகி, ஈர முடியைத் துண்டால் முடிந்திருந்தாள்.

"ஒரு கை உப்புக்கு இந்தச் சத்தமாங்கண்ணா? அங்க ஒலை கொதிக்குதுங்க."

"நேத்து பூவாத்தா சீரகம். முந்தாநேத்து சின்னாயி புளி. இன்னிக்கு நீ. நாளைக்கு அடுப்பையே தூக்கிட்டுப் போயிருவீங்களாட்ட இருக்குது."

ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்த அவன் மனைவி சௌந்திரம் குரல் கொடுத்தாள். வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்த பிறகு அவள் பேச்சு கொஞ்சம் குழறும். அதிகாரம் மட்டும் குழறுவதில்லை.

"அவளே உள்ள வந்து எடுத்துக்கட்டுமுங்க. உப்புச் சாடி எங்க இருக்குதுன்னு உங்களுக்கென்ன தெரியும்? நீங்க வெளிய போய் உக்காருங்க."

அது உண்மைதான். காலையில் ரசத்தில் தான் போட்டது உப்பா, ஆப்ப சோடாவா என்று அவனுக்கே இன்னும் தெரியாது.

சௌந்திரம் விழுந்த அன்றைக்கு வீதியே உதவிக்கு ஓடி வந்தது. இதே படியில் நின்றுதான் அவன் அந்த வசனத்தைப் பேசினான்: "பம்பாய் வரைக்கும் கண்ணு மூடாம வண்டி ஓட்டுனவன் நானு. கட்டுனவளப் பாத்துக்கத் தெரியாதா? பாவம் பாக்கறேன்னு ஒருத்தரும் எம்படி ஏற வேண்டாம்."

பேசிவிட்டான். பம்பாய் போய் வந்தவன் கடைசியில் ஒரு கஞ்சிக் கிண்ணத்தில் கவிழ்ந்தான். ராத்திரியெல்லாம் அவளைப் புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்த அசதி. இன்று காலை ஊட்டும்போதே கண் சொக்கி, கரண்டியை அவள் காதுக்குக் கொண்டுபோய்விட்டான்.

'பெரிய டிரைவரு! வாய்க்குப் போற ரோடு எது, காதுக்குப் போற ரோடு எதுன்னு தெரியல' என்று தன்னையே திட்டிக்கொண்டான். சிரிப்பு வந்தது. அடியில் பயமும் வந்தது. கஞ்சி சூடாக இருந்திருந்தால்? தானும் ஒரு நாள் விழுந்துவிட்டால் அவளுக்கு யார்?

ஒரே ஒரு காரியத்தில் மட்டும் அவனுக்குப் பெருமை. காலையில் அவன் பின்னிவிடும் சடை, லாரித் தார்ப்பாய்க்குப் போட்ட கயிற்று முடிச்சு மாதிரி இருக்கும். பொழுது சாய்வதற்குள் அதுவே வழவழவென்று படிந்து நேராகிவிடும். கை பழகிவிட்டது என்று மீசையைத் தடவிக்கொள்வான்.

குப்பாயி உள்ளே போனாள். உப்போடு வேறு எதையும் அள்ளிவிடாமல் காவல் காப்பதற்காக, வேப்பமரத்தடிக் கயிற்றுக் கட்டிலில் கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்தான் வேலுமணி. கொஞ்ச நேரத்தில் காவல்காரனின் குறட்டை வீதிமுனை வரை கேட்டது.

"டேய் தம்பி! வெளக்கு வெக்கற நேரத்துல என்னடா தூக்கம்?"

பள்ளிபாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்த அக்கா வள்ளியாத்தாள் அவனை உலுக்கினாள்.

"தூங்கலக்கா, காவலு!" வேலுமணி வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "சுத்த எரவல் வீதிக்கா இது. இன்னிக்கு உப்புக்கூடக் கேட்டு வந்துட்டா."

கால் கழுவிக்கொண்டிருந்த அக்காவின் கையில் சொம்பு அப்படியே நின்றது.

"இன்னிக்கா? வெள்ளிக்கிழமையில எவடா அடுத்தவ ஊட்டுல உப்புக் கேப்பா? அந்த ஊட்டு மகாலட்சுமியவே கேட்டாப்பல ஆயிருமே! உப்பில்லாத சோத்தத் தின்னாலும் திம்பாளே ஒழிய, வாய் தொறந்து கேக்கமாட்டா. உனக்கு எங்க இதெல்லாம் தெரியப்போகுது!"

வேலுமணி உள்ளே ஓடினான். உப்புச் சாடி விளிம்பு வரை இருந்தது. சீரகமும் புளியும் போட்டது போட்டபடி இருந்தன. குப்பாயியின் கிண்ணம் கட்டிலடியில் வெறுமையாகக் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு சீப்பு, துவைக்கச் சுருட்டிய விரிப்பு.

சௌந்திரத்தின் சடை வழவழவென்று தோளில் புரண்டது. அதில் ஒரு துண்டு கனகாம்பரம் வேறு. மீசையைத் தடவப் போன அவன் கை பாதி வழியிலேயே இறங்கிவிட்டது.

"அட, கூறு கெட்ட டிரைவரே!" என்று தலையில் தட்டிக்கொண்டான். அப்புறம் கட்டிலோரம் உட்கார்ந்தான். "ஏம்புள்ள, எனக்கு ரோசம் வந்துருமின்னு, உன்னையப் பாத்துக்கறதுக்காக இத்தன பொய் சொல்லிட்டு வந்தாங்களா?"

கயிற்றுக் கட்டிலின் வரி பதிந்திருந்த அவன் கன்னத்தை அவள் இடது கையால் தடவினாள்.

"என்னையப் பாக்கவா? நீங்க சித்த நேரம் தூங்கோணுமின்னு, ஜன்னல் வழியாக் கூப்புட்டு ஒவ்வொருத்தியா வரச் சொன்னதே நாந்தானுங்க!"

உங்கள் வீட்டு உப்புச் சாடி என்றைக்கும் நிறைந்திருக்கட்டும் சாமி. வெள்ளிக்கிழமை என்றும் பார்க்காமல் கிண்ணம் ஏந்தி வர, உங்கள் வீதியிலும் நாலு பேர் இருக்கட்டும்.