எண்ணெய் மூடி

"ஹெட் கேஸ்கெட் போயிடுச்சுங்க ஐயா. இனிமே இந்தக் காரை எடுக்கவே கூடாது."

மெக்கானிக் இதைச் சொன்னபோது கூடத்தில் நான்கு பேர் இருந்தார்கள். ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் அப்பா. எதிரே சோபாவின் நுனியில், எந்த நேரமும் எழுந்து நழுவத் தயாராக மாப்பிள்ளை. கிரீஸ் கறை படியக் கூடாதென்று முக்காலி மேல் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் மெக்கானிக். சமையலறை நிலையில் சாய்ந்தபடி, தட்டில் தேநீரோடு மகள். அவளுக்கு மட்டும் உட்கார நேரமில்லை. காலையிலிருந்தே இல்லை.

"எனக்குச் சர்க்கரை கம்மியா போடுங்க அக்கா," என்றார் மெக்கானிக்.

"பால்லயே போட்டாச்சுங்க," என்றாள். அந்த வீட்டில் பால் காய்ச்சும்போதே சர்க்கரையும் விழுந்துவிடும். வேலைக்கு ஓடுகிறவளுக்கு ஒவ்வொரு கோப்பையாகக் கலக்கப் பொறுமை ஏது?

மெக்கானிக் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, இன்ஜினில் எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியை எடுத்து நீட்டினார். உட்புறம் முழுக்க வெளுத்த களிம்பு.

"பாருங்க ஐயா. இன்ஜினுக்குள்ள தண்ணியையும் எண்ணெயையும் பிரிச்சு வைக்கிற தகடுதான் கேஸ்கெட். அது கிழிஞ்சா ரெண்டும் கலந்து இப்படித்தான் பால் மாதிரி ஆயிடும். இன்ஜினைப் பிரிச்சாலும் இந்தப் பழைய மாடலுக்கு வேற கேஸ்கெட் எங்கேயும் கிடைக்காது."

அப்பா மூடியை வாங்கிக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். மறுபடி அருகில் கொண்டுபோனார்.

"முந்தாநேத்து ஓட்டினப்போ சூடே ஏறலையே. வெள்ளைப் புகையும் வரலையே."

மெக்கானிக் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை மின்விசிறியைப் பார்த்தார்.

"சில வண்டி சொல்லாம கொள்ளாம போயிடும் மாமா. மனுஷன் மாதிரி."

"நீங்க எப்ப மாப்பிள்ளை வண்டிக்கு வைத்தியம் படிச்சீங்க?"

"இருபத்தாறு வருஷம் ஓடியாச்சு. போதும்ப்பா, வித்துடலாம்," என்றாள் மகள். "எனக்கு அலுத்துப்போச்சு."

அந்த அலுப்பு பொய்யில்லை. ஆறு மாதமாக இதே பேச்சு. கேட் தூணில் இரண்டு முறை இடித்தாகிவிட்டது. இனி ஓட்டக் கூடாதென்று கண் டாக்டர் சொன்னதற்கு, "அந்த ஆளை முதல்ல கண்ணாடி போடச் சொல்லு" என்றார் அப்பா. அவள் சாவியை ஒளித்து வைத்தாள். அவர் மாற்றுச் சாவி செய்துகொண்டு வந்தார். அடுத்த மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறது. பேத்தியைப் பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டு தினமும் தானே கொண்டுபோய் விடப்போவதாகச் சொல்லியிருந்தார்.

"கிடைக்காதுன்னு யார் சொன்னது? எழுதிக் கேட்டா எல்லாம் கிடைக்கும்," என்றார் அப்பா. "மூடியை வெச்சுட்டுப் போ தம்பி. பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள வண்டி ஓடும்."

அப்பா அப்படித்தான். தெருவிளக்கு எரியாவிட்டால் கடிதம். குப்பை வண்டி வராவிட்டால் கடிதம். பதில் வராவிட்டால் அதற்கும் ஒரு கடிதம். எழுதி எழுதியே எதிராளியை ஓயவைத்துவிடுவார். எங்கோ ஒரு கடைக்காரன் தூசி தட்டி ஒரு கேஸ்கெட்டை அனுப்பிவைத்துவிட்டால்? அன்றிரவு அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

மறுநாள் மாலை அவள் வேலையிலிருந்து வந்தபோது, அப்பா மேஜையருகே உட்கார்ந்திருந்தார். மூடி சுத்தமாகத் துடைக்கப்பட்டு ஓரமாக இருந்தது. மடித்த கடிதத்தை உறையில் போட்டு, பசை தடவி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார். வலது கை விரல்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"கையில என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. செருப்பைக் கழட்டாதே. தபால் பெட்டி வரைக்கும் போயிட்டு வந்துடலாம்."

"கடைக்காரருக்கு எழுதியாச்சா?"

"எழுத வேண்டியவங்களுக்கு எழுதியாச்சு."

தெருமுனை வரை இருவரும் நடந்தார்கள். சாலையைக் கடக்கும்போது அப்பா அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் அப்படிப் பிடித்து அவளுக்கு நினைவில்லை.

பெட்டியருகே உறையை அவளிடம் கொடுத்தார். உள்ளே கெட்டியாக ஓர் அட்டை விரலில் தட்டுப்பட்டது. முகவரியைப் பார்த்தாள். ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகம்.

"அப்பா... அப்ப கேஸ்கெட்டுக்கு எழுதலையா?"

"முதல்ல அதைப் போடு."

போட்டாள். உறை உள்ளே விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் அப்பா வாயைத் திறந்தார்.

"நல்லா இருக்கிற கேஸ்கெட்டுக்கு மாத்து எதுக்கும்மா? இன்ஜின் எண்ணெயை எறும்பு மொய்க்காது. இன்னொரு தடவை எண்ணெயில பாலைக் குழைச்சு மூடியில பூசறதா இருந்தா, சர்க்கரை போடறதுக்கு முன்னாடி எடுத்துக்கோ."

அவளுக்குத் தலை நிமிரவில்லை.

"எல்லாம் தெரிஞ்சுமா லைசென்ஸைத் திருப்பி அனுப்பறீங்க?"

அப்பா வீங்கிய விரல்களை அவள் முன்னால் விரித்துக் காட்டினார்.

"மூடி முழுக்கச் செவ்வெறும்பு அப்பிக் கிடந்திருக்கும்மா. என் கண்ணுக்குத் தெரியல. கடிச்சப்புறம்தான் தெரிஞ்சுது."